வீழக் கற்றல்

பிறரால் நகைக்கப்படுதலினும் கொடியதொரு துன்பம் உலகில் இல்லையென்றே இத்துணைக் காலமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் இவ்வாண்டில் ஒருவாறு மாறிற்று. மாற்றியவர் இருவர். ஒருவர் யாம் நேரிற் கண்டிராத ஜப்பானிய நடிகை. மற்றவர் நாடோறும் கண்டும் அறியாதிருந்த எம் தந்தையார். இவ்விருவரையும் ஒரு கட்டுரையில் வைத்துப் பேசுதல் பொருந்துமோவென வாசிக்கும் நண்பர் ஐயுறலாம். பொருந்தும் என்பதைக் காட்டவே இதனை எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் சேரப்பணஞ்சேரி. படப்பைக்கும் ஒரகடத்திற்கும் இடையே உள்ளது. எம் பாட்டனார் காலத்தில் ஏரிநீரும் நெல்லுமே ஊரின் பேச்சாயிருந்தனவாம். இப்பொழுதோ புதிய மோட்டார் வண்டிகளை அடுக்கடுக்காய்ச் சுமந்து செல்லும் நெடிய லாரிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஜப்பானியக் கூட்டு மோட்டார்த் தொழிற்சாலை தொடங்கிற்று. அதனையடுத்துப் பிற தொழிற்சாலைகளும் பெருகின. ஜப்பானியரைச் சாலையோரத்துத் தேநீர்க் கடையிற் காண்பது எம்மூரார்க்கு இன்று வியப்பன்று. எம் தமையனார் அத்தகைய பொறியாளர் ஒருவருக்குக் கார் ஓட்டும் பணியில் இருக்கின்றார்.

தந்தையார் தச்சுத் தொழில் செய்பவர், அதிகம் பேசார். அவர் பேசாமைக்கு ஒரு வரலாறு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஊர்த் திருச்சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது மன்னனின் காவலனாக வேடம் பூண்டாராம். அரசனுக்கு வணக்கம் செய்யக் குனிந்தவர், தம் ஈட்டியே தம் காலைத் தடுக்க, மேடையினின்றும் முன்வரிசையில் வீற்றிருந்த பெரியோர் நடுவே உருண்டு விழுந்தார். கூட்டம் ஆர்த்து நகைத்தது. நகைப்பு அவ்விரவோடு ஒழிந்திருப்பின் குறையில்லை. மறுநாள் முதல் அவருக்குக் 'கோமாளி' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. மேசை செய்யச் சொல்ல வருவோரும், "கோமாளி வீடு எது?" என்று வினவியே வருவாராயினர். எம் தமக்கையாரைப் பெண் கேட்டு வந்த வீட்டார், வாயிலைக் கடந்ததும், "கோமாளி வீட்டுப் பெண்ணா?" என்று மெல்லக் கூறிச் சிரித்ததை அவர் கேட்டார். அச்சம்பந்தம் நிகழவில்லை. தமக்கையார் பின்னர் நல்லதோர் இடத்திற் புகுந்து நலமாக வாழ்கின்றார். எனினும், அன்று வாடிய தந்தையார் முகம் எம் நினைவினின்றும் அகலவில்லை.

இந்நிலையிற் சென்ற ஆண்டு எம் தமிழ் மன்றத்தார் 'பயில்வான் பாக்கியம்' என்றொரு நகைச்சுவை நாடகத்தை நடத்தக் கருதினர். ஊரையெல்லாம் மற்போருக்கு அறைகூவி அழைத்து, ஒருவர் விரல் பட்ட அளவிலே வீழ்ந்துபடும் ஒரு பெண் பயில்வானே அதன் தலைவி. அவ்வேடத்திற்கு எவர் தக்கார் என்னும் ஆராய்ச்சி நெடுநேரம் நிகழவில்லை. மன்றத்தார் அனைவரும் ஒருங்கே எம்மை நோக்கினர். எமது உடல் பருமன் கல்லூரியறிந்தது. யாமும் சிரித்துக்கொண்டே இசைந்தோம். விடுதியறையில் விளக்கணைத்தபின் அழுதோம். வீட்டார்க்கு இதனைத் தெரிவிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒத்திகையில் யாம் வீழவேண்டிய இடம் வந்தது. அஞ்சி, வலக்கையை ஊன்றி வீழ்ந்தோம். மணிக்கட்டுச் சுளுக்கிற்று. நோவினாற் கண்ணீர் பெருகியதைக் கண்ட தோழியர், அதுவும் நடிப்பேயென்று கருதிப் பின்னும் உரக்க நகைத்தனர். அவர்மீது குற்றமில்லை. எனினும், வேடத்தைத் துறந்துவிடுவதென்று அக்கணமே உறுதிசெய்து, சனிக்கிழமை கட்டோடு ஊருக்குச் சென்றோம்.

மறுநாள் ஞாயிறு. தமையனாரின் பொறியாளரை நடுப்பகல் உணவிற்கு அழைத்திருந்தோம். ஐம்பது வயதினர், எம் தமையனாரிடம் கற்ற தமிழைச் சிறிதும் கூசாது பேசுவார். கட்டைக் கண்டதும், "தங்கச்சி, கை என்ன?" என்றார். படிக்கட்டிற் சறுக்கியதாகப் பொய் கூறினோம். அவர் எம் கையை உற்று நோக்கி, "படிக்கட்டு இல்லை. பின்னால் விழுந்தது. கையை ஊன்றியது. பள்ளியில் ஜூடோ கற்ற நாளில் எனக்கும் இப்படியே ஆனது" என்றார். பொய் நிலைக்கவில்லை. தந்தையார் கேட்டிருக்கவே, நாடகமும் பயில்வானும் ஒத்திகையும் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. தந்தையார் ஒன்றும் கூறாது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மௌனம் வசையினும் சுட்டது.

அதனை உணர்ந்தாரோ இலரோ அறியோம்; அப்பொறியாளர் தம் கைப்பேசியை எடுத்து, ஒரு பெண்மணியின் படத்தைக் காட்டி, அவர் வரலாற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் சொல்லத் தொடங்கினார். தமையனார் இடையிடையே விளக்கினார். யாமும் பின்னர் ஆராய்ந்தறிந்தவற்றைச் சேர்த்து இங்கே தருகின்றோம்.

அப்பெண்மணியின் பெயர் சாகி அகாய். 1987-ஆம் ஆண்டு கியோத்தோவிற் பிறந்தவர். 174 சென்டிமீட்டர் உயரமும் அழகிய தோற்றமும் உடையவர். ஆடையணி விளம்பரங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் தோன்றிவந்தார். 2011-ஆம் ஆண்டு மல்யுத்தப் பெண்களின் கதையைக் கூறும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். மல்யுத்தம் செய்வார்போல் நடித்தவர் ஈராண்டு கழிந்து, 2013 ஆகஸ்டுத் திங்களில், மெய்யாகவே மல்லரங்கம் ஏறினார்.

அவர் சேர்ந்த குழுவோ ஏனையவற்றைப் போல்வதன்று. டி.டி.டி. என்னும் பெயருடையது, 1997-ல் தொடங்கப்பட்டது. நகைச்சுவையே அதன் பெரும்புகழ். காற்றடைத்த பொம்மையொன்று அங்கே ஒரு மல்லனாகவே மதிக்கப்படும். தேர்ந்த வீரர் அதனோடு பொருது, அதன் கையால் அடியுண்டு, துடித்து வீழ்வர். புத்தகக் கடையின் அலமாரிகளுக்கிடையேயும் போர் நிகழ்த்துவர். எந்நேரத்திலும் எவ்விடத்திலும் எவரும் வென்று கைக்கொள்ளத்தக்க பட்டமொன்றும் அங்குண்டு. ஏணியொன்று ஒரு வீரன்மேற் சாய்ந்து அவனை எழவொட்டாது அழுத்தியமையால், அவ்வேணியே அப்பட்டத்தை வென்றதாக நடுவர் முறைப்படி அறிவித்ததும் உண்டு. இத்தகைய களியாட்டத்தின் நடுவே சாகி அகாய் தம் மிடுக்குக் குன்றாது நின்று, ஆடவரோடும் மகளிரோடும் பொருதார், வீழ்ந்தார், எழுந்தார். 'நடிகைக்கு ஈதொரு விளையாட்டு. சில திங்களில் விட்டகல்வாள்' என்று ஐயுறுதற்கு இடமிருந்தது. ஆயின், 2014-ஆம் ஆண்டிற்குரிய புதுமுக வீரர் விருதை, தோக்கியோவின் விளையாட்டுச் செய்தித்தாளொன்று அவருக்கு வழங்கிற்று. அவ்விருதைப் பெற்ற முதற் பெண் அவரே. அவரோ அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றுவதோடு அமையாது, தம் நெடிய காலால் எதிரியை உதைக்கும் உதைக்குப் 'புதுமுக விருது' என்றே பெயரிட்டார். நகையென்பதை அறிந்தவர் செயல் இது.

ஈண்டுத் தமையனார் குறுக்கிட்டு, "அம்மல்யுத்தத்தில் வெற்றியும் தோல்வியும் முன்னரே பேசி முடித்தவையன்றோ? அது பொய்ப்போர்தானே?" என்றார். பொறியாளர் தலையசைத்து, "முடிவு முன்னமே பேசியது. தரை பேசியது இல்லை" என்றார். அதன்பின் அவர் கூறியதே எம் உள்ளத்திற் பதிந்தது. மல்லரங்கம் புகும் எவருக்கும் முதலிற் கற்பிப்பது பிடியுமன்று, அடியுமன்று, வீழ்தலே. அதற்கு ஜப்பானிய மொழியில் உக்கேமி என்று பெயர். 'ஏற்கும் உடல்' என்பது அதன் பொருள். முகவாயை மார்போடு சேர்த்தல் வேண்டும். இன்றேற் பின்தலை தரையில் மோதும். கையை ஊன்றலாகாது, ஊன்றின் உடலின் நிறை முழுதும் மணிக்கட்டில் இறங்கும். கைகளை இருபுறமும் விரித்து, உள்ளங்கையாலும் புயத்தாலும் தரையை அறைதல் வேண்டும். வீழ்ச்சியின் வேகம் அங்ஙனம் பரந்து தணியும். மூச்சை அடக்காது வெளிவிடுதல் வேண்டும். புகுவோர் முதற்கண் பயில்வது இதுவே. அதன்பின்னரே பிற பாடங்கள்.

"நகைப்பிப்பவர் ஏனையோரினும் நன்றாய் விழ வேண்டும். பார்க்கிறவர் பயந்தால் சிரிக்க மாட்டார்" என்றும் அவர் கூறினார்.

அதுவரை பேசாதிருந்த தந்தையார் தலைநிமிர்ந்து, "அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் இல்லையா?" என்றார்.

அவ்வினாவிற்கு விடையாகப் பொறியாளர் கூறிய செய்தி எம்மனைவரையும் திகைக்கச் செய்தது. சாகியின் தந்தை ஹிதேகாசு அகாய் ஒசாகாவின் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர். தொடக்கத்திற் பன்னிரண்டு எதிரிகளைத் தொடர்ந்து வீழ்த்தியவர். 1983-ல் உலகப் பட்டத்திற்கும் பொருதவர். 1985 பிப்ரவரித் திங்களில் ஒரு போரில் அடியுண்டு வீழ்ந்து, மூளையிற் குருதி கசிந்து, உயிர் பிழைப்பது அரிதென்னும் நிலையில் அறுவை மருத்துவம் பெற்றார். உயிர் தங்கிற்று, சண்டை ஒழிந்தது. பின்னர் அவர் நடிகரானார். அவர் வாழ்க்கையே கதையாகி 1989-ல் திரைப்படமாக வெளிவந்தபொழுது, தம் வேடத்தைத் தாமே ஏற்று நடித்தார். தந்தை அரங்கில் வீழ்ந்து நடிப்பிற்கு வந்தவர். மகளோ நடிப்பினின்றும் அரங்கிற்குச் சென்றவர்.

தந்தையார் நெடுநேரம் சிந்தித்து, "எத்தனை ஆண்டு ஆடினாள்?" என்றார்.

"பத்து. 2023 நவம்பரில் ஓய்வு பெற்றார். தொடங்கியதும் முடித்ததும் ஒரே இடம், தோக்கியோவின் ரியோகோக்கு மண்டபம்."

"முடிக்கும்பொழுது தன் காலால் நடந்து போனாளா?"

"நடந்தே போனார்."

தந்தையார் கைகழுவ எழுந்தார். யாதும் கூறவில்லை. ஆயினும், மாலையில் மாட்டுத் தொழுவத்திற்குப் பின்னால் வைக்கோலைப் பரப்பி, மேலே பழைய சாக்குகளை விரித்துக்கொண்டிருந்தவர் அவரே. கட்டிய கையை மார்போடு அணைத்து, மற்றொரு கையால் வைக்கோலை அறைந்து வீழ்வதைப் பொறியாளர் சொல்லிக் கொடுத்தார். அன்று இருபது முறையேனும் வீழ்ந்திருப்போம். மாடு மட்டும் எம்மை வெறுப்போடு நோக்கிற்று.

அந்த ரியோகோக்கு மண்டபத்தைப் பற்றி இங்கு ஒரு சொல். அது சூமோ மல்லர்க்கென்று எழுந்தது, பதினோராயிரவர் அமரத்தக்கது. சூமோ நிகழும் மண்மேடையில் மகளிர் அடிவைத்தலாகாது என்பது பழைய விதி. 2018-ல் கியோத்தோ மாநிலத்து நகரொன்றில் மேடைமீது மயங்கி வீழ்ந்த நகரத்தலைவருக்கு முதலுதவி செய்ய ஏறிய பெண்டிரையும் இறங்குமாறு அறிவித்தனர். மண்மேடையை அகற்றி மல்லரங்கத்தை இட்ட நாளிலோ, அதே கூரையின்கீழ் ஒரு பெண் வீழ்ந்தும் எழுந்தும் கைதட்டுப் பெற்றாள். மேலும், ஜப்பானில் மகளிர் மல்யுத்தத்தின் தொடக்கமே நகைச்சுவைதான். போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948-ல், சதாகோ இகாரி என்னும் பெண், நகைச்சுவைக் கலைஞராகிய தம் உடன்பிறந்தார் இருவரோடு சேர்ந்து, அமெரிக்கப் படைவீடுகளில் வேடிக்கை மல்யுத்தம் செய்து காட்டினார். அந்நாட்டில் அத்தொழிலுக்கு முன்னோடியாகக் கூறப்படுபவர் அவரே.

நம் நாட்டிலும் இத்தகையோர் இலரல்லர். ஹமீதா பானு என்னும் வடநாட்டுப் பெண், 1954-ஆம் ஆண்டு, தம்மை வெல்லும் ஆடவனையே மணப்பதாக அறைகூவி, பரோடாவிற் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் வீழ்த்தினார். எம் காஞ்சி நாட்டிலோ மல்லர் என்னும் சொல்லே அரசர் பெயராயிற்று. முதலாம் நரசிம்மவர்மன் பூண்ட மாமல்லன் என்னும் பெயரை மாமல்லபுரம் இன்றும் தாங்கி நிற்கின்றது. நகைப்பிப்போனுக்கும் இங்கே உயர்ந்த இடம் உண்டு. விடியுமளவும் நிகழும் கூத்திற் கட்டியங்காரனே முதலில் தோன்றுவான், அரசனையும் எள்ளுவான், தானும் எள்ளப்படுவான். கூத்தாடுதல் ஆடவர்க்கே உரியதென்றிருந்த வழக்கமும் மாறிவருகின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்திற் சிறுமியரும் சேர்ந்து பயின்று, மேடையேறினர்.

விடுதிக்கு மீண்டபின், பாடத்திற்குரிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் புரட்டினோம். ஆசிரியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலிலும், அழுகையை அதனையடுத்தும் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதலிற் கூறினார். இவையெல்லாம் தேர்விற்காக முன்னரே மனனம் செய்தவை. பேராசிரியர் உரையையோ இப்பொழுதுதான் கண்திறந்து கற்றோம். எள்ளல் இருவகைப்படும் என்கின்றார் அவர். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. இரண்டாவதனைப் படித்தபொழுது எம் தந்தையார் நினைவு வந்தது. முப்பது ஆண்டுகளாக ஊரார் நகைத்தனர், அவர் நகைத்ததில்லை. நகைக்க அவருக்கு ஒருவரும் இடங்கொடுக்கவில்லை. வீழ்ந்தது அவருடைய தொழிற்றிறம் என்று எவரேனும் ஒருவர் பாராட்டியிருப்பின், அப்பெயர் பட்டமாகியிருக்கும், பாராட்டாமையால் வசையாயிற்று.

வேடத்தைத் துறக்கவில்லை. மணிக்கட்டு ஆறும்வரை ஒத்திகையில் இடக்கையால் மட்டுமே தரையை அறைந்து வீழ்ந்தோம். தோழியர் இருவர் தாமும் கற்க வந்தனர். விடுதி மெத்தைகள் சில அதனால் துன்புற்றன. உடற்பருமன் பற்றிய வரிகள் சில நாடகத்தில் இருந்தன. அவற்றை நீக்குமாறு மன்றத்தாரை வேண்டினோம். "நகைப்புக் குறையுமே" என்றனர். "வீழ்ச்சியைக் கூட்டித் தருகின்றோம்" என்றோம். உடன்பட்டனர். சாகி அகாயைக் கண்டு நகைத்தோர் அவர் செய்ததைக் கண்டே நகைத்தனர் என்பதை யாம் அறிந்திருந்தமையால், இதனைக் கேட்கும் துணிவு பிறந்தது.

நாடக நாளன்று தந்தையார் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. திரை விலகியபொழுது, இறுதி வரிசையிற் சுவரோரமாக அவர் நிற்பதைக் கண்டோம். இருக்கை இருந்தும் அமரவில்லை. எம் பேச்சிற் பாதி மறந்துபோயிற்று. எதிரியாக வந்த மெலிந்த தோழி, சொல்லிக்கொடுத்தபடியே, தன் சுண்டுவிரலை எம் தோளில் வைத்தாள். முகவாயை மார்போடு சேர்த்தோம், மூச்சை விட்டோம், வீழ்ந்தோம். பலகை மேடை இடியென முழங்கிற்று. மண்டபம் அதிர நகைத்தது. நோவு சிறிதும் இல்லை. வீழ்ந்து கிடந்தபடியே அந்நகைப்பைக் கேட்டோம். விடுதியறையில் எம்மை அழச்செய்த நகைப்பு வேறு, இது வேறு என்பதை அப்பொழுது செவியே பிரித்தறிந்தது. தந்தையாரை நோக்கினோம். விளக்கொளி கண்ணிற் பட்டமையால் அவர் முகம் தெரியவில்லை.

அன்றிரவு தமையனாரின் வண்டியில் ஊர் திரும்பினோம். வழிநெடுகத் தந்தையார் பேசவில்லை. வீட்டு முற்றத்தில் இறங்கியபின், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் சரிதான், அம்மா. ஆனால், விரல் பட்டவுடனே விழுந்துவிட்டாய். ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். விழமாட்டாள் என்று அவர்கள் நம்பியபிறகு விழ வேண்டும்" என்றார்.

யாம் விளங்காது நின்றோம். அவர் இருபுறமும் நோக்கினார். தெருவில் எவரும் இலர். மூலையிற் கிடந்த துடைப்பத்தை எடுத்து ஈட்டியாகத் தோளிற் சார்த்தினார். இல்லாத அரசனுக்கு நிமிர்ந்து நின்று வணங்கினார். துடைப்பம் காலைத் தடுக்க, ஒற்றைக்காலில் ஊசலாடி, நிலைபெற்றுவிட்டதாக முகம் மலர்ந்து, அதன்பின்னரே சரிந்தார். ஐம்பத்தெட்டு வயதில், முற்றத்து மணலில், கையை ஊன்றாமல் விழுந்தார். அன்று ஏரோதின் முன்னிலையில் அவர் தடுக்கி விழவில்லை. விழக் கற்றிருந்தார் என்பது அக்கணத்தில் விளங்கிற்று.

ஓசை கேட்டு வெளியே வந்த அன்னையார், "இந்த வயதில் இது என்ன?" என்றார். தந்தையார் கிடந்தபடியே நகைத்தார். அவர் அவ்வாறு நகைத்ததை யாம் கண்டது அதுவே முதன்முறை.

அடுத்த ஆண்டும் மன்றத்தார் எம்மை அழைப்பின் செல்வோம். ஒரு கணம் நிற்கும் அப்பாடத்தை இன்னும் பயின்றுகொண்டிருக்கின்றோம். கற்பிப்பவர் மாலைதோறும் தச்சுப்பட்டறையை மூடியபின் வருகின்றார்.